திருடனை மட்டும் பார்க்கும் கண்: ‘தமிழ்ராக்கர்ஸ்’ தொடரும் நம் கட்டுரைத் தாள்களும்

‘திருட்டுப் படப்பிரதிகளை ஒழிக்கும் வழிகள்’ என்று ஒரு தலைப்பைப் படிவம் ஐந்து வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். முப்பது கட்டுரைகள் வரும். முப்பதும் ஒரே கட்டுரையாக இருக்கும். முன்னுரையில் அறிவியல் வளர்ச்சியின் நன்மை தீமை. அடுத்த பத்தியில் தயாரிப்பாளர் தெருவுக்கு வருகிறார். அதற்கடுத்து அரசாங்கம் சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும், காவல்துறை அதிரடிச் சோதனை நடத்த வேண்டும், பெற்றோர் பிள்ளைகளைக் கண்காணிக்க வேண்டும். முடிவுரையில் பட்டுக்கோட்டையாரின் வரி ஒன்று எப்படியும் வந்துவிடும். மொழிப்பிழை குறைவாக இருந்தால் நாமும் நல்ல புள்ளி போட்டுவிடுகிறோம்.

எழுதி முடித்த மாணவர் மாலையில் தஞ்சோங் மாலிம் நிலையத்தில் கொம்யூட்டர் ஏறி உட்கார்ந்ததும், டெலிகிராம் குழுவில் வந்த புதுப்படத்தைத் திறன்பேசியில் திறக்கிறார். இதைப் பாசாங்கு என்று நான் சொல்ல மாட்டேன். தான் எழுதிய கட்டுரையில் தானும் ஒரு பாத்திரம் என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். கட்டுரையில் திருடன் எங்கோ இருட்டறையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். இவர் ரயிலில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேருக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கட்டுரையின் அச்சு எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோது, 2022 ஆகஸ்ட் 19-இல் சோனிலிவ் தளத்தில் வெளியான ‘தமிழ்ராக்கர்ஸ்’ தொடர் நினைவுக்கு வந்தது. அறிவழகன் இயக்கம், அருண் விஜய் நாயகன், எட்டுப் பகுதிகள். தயாரித்தது ஏவிஎம். திருட்டுப்பிரதி என்ற பொருளையே மையமாக எடுத்துக்கொண்டு தமிழில் இவ்வளவு செலவு செய்து வந்த படைப்பு வேறு இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே இதைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்கலாம். ஊடகப் பனுவலுக்குத் திறனாய்வு எழுதிப் பழக நினைக்கும் மாணவருக்கு நல்ல பயிற்சி இது. குறையுள்ள படைப்பில்தான் கற்பது அதிகம்.

கதை எளிது. பெரிய நட்சத்திரம் நடித்த படம் ஒன்று. தயாரிப்பாளர் கடனில் கழுத்தளவு மூழ்கியிருக்கிறார். வெளியீட்டுக்கு முன்பே படத்தைக் கசியவிடப் போவதாகத் திருட்டுக் கும்பல் மிரட்டுகிறது. நாள் எண்ணப்படுகிறது. சொந்த வாழ்க்கையில் பேரிழப்பைச் சந்தித்த ஒரு காவல் அதிகாரியிடம் வேலை ஒப்படைக்கப்படுகிறது. அவர் ஓடுகிறார், துரத்துகிறார், அடிக்கிறார். பரபரப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. அழகம்பெருமாள் தயாரிப்பாளராக வரும் இடங்களில் அந்த மனிதரின் வயிற்றுப் பயம் நமக்கே தொற்றிக்கொள்கிறது. தொடரின் நல்ல பகுதி எதுவென்று கேட்டால் நான் சண்டைக்காட்சியைக் காட்டமாட்டேன். கடன்காரனுக்குப் பயந்து பேசும் அவருடைய முகத்தைக் காட்டுவேன்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. தொடரின் கண் காவல் அதிகாரியின் கண். அது தேடுவது ஆளை. ஆள் கிடைத்தால் கதை முடிந்தது என்று அது நம்புகிறது. அந்த ஆளை நம்ப வைக்க அவனை எவ்வளவு பயங்கரமானவனாகக் காட்ட வேண்டுமோ அவ்வளவும் காட்டுகிறது. நாயகனின் குடும்பத் துயரமும் அதற்காகத்தான் கதைக்குள் இழுத்து வரப்படுகிறது. திருட்டுப்பிரதியின் மேல் நமக்கு வர வேண்டிய கோபம் கொலைக்காரன் மேல் வரும் கோபமாக மாறிவிடுகிறது. கொலைக்காரன் மேல் கோபப்பட எந்தப் பார்வையாளருக்கும் சிரமம் இல்லை. தன் கையில் இருக்கும் திறன்பேசியைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சப்படுவதுதான் சிரமம். அந்தச் சிரமத்தைத் தொடர் நமக்குக் கொடுக்கவே இல்லை.

உண்மையில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழ்ராக்கர்ஸ் என்ற தளம் 2011 வாக்கில் தொடங்கியது. 2018 மார்ச்சில் கேரளக் காவல்துறை அதை நடத்தியதாகச் சிலரைக் கைது செய்தது. தளம் நிற்கவில்லை, முகவரியின் வால் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. 2020 கடைசியில் அது காணாமல் போனபோது அதே வேலையைச் செய்ய வேறு பெயர்களில் தளங்கள் ஏற்கெனவே தயாராக இருந்தன. 2024 ஜூலையில் திருவனந்தபுரம் திரையரங்கு ஒன்றில் ‘ராயன்’ படத்தைப் பதிவு செய்துகொண்டிருந்த ஒருவரைக் கேரளக் காவலர்கள் கையும் களவுமாகப் பிடித்தார்கள். கருவி என்ன தெரியுமா? இருக்கையில் மறைத்துப் பொருத்திய ஒரு சாதாரணத் திறன்பேசி. வில்லன் வேடத்துக்கு ஆள் தேடும் இயக்குநர் இவரைத் திரும்பியும் பார்க்க மாட்டார்.

பிடித்ததும் வீரத்தால் மட்டும் அல்ல. இன்றைய டிஜிட்டல் அரங்குகளில் ஓடும் படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத முத்திரை ஒன்று இருக்கிறது. எந்த அரங்கின் கருவி, எந்த நாள், எந்த நேரக் காட்சி என்பது அதில் பதிந்திருக்கும். ஒளிப்பதிவு செய்து இணையத்தில் ஏற்றினாலும் முத்திரை கூடவே போகும். ஆய்வுக்கூடத்தில் அதைப் படித்துவிட்டால் அரங்கின் பெயர் வந்துவிடும். அதற்குப் பிறகு அங்கே போய் உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருக்கலாம். ஓட்டமும் துரத்தலும் இல்லாத இந்தப் பொறுமையைக் காட்டியிருந்தால் எட்டுப் பகுதியில் இரண்டாவது அசலாக இருந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கேயும் அதிரடிக்குக் குறைவில்லை. மூத்த ஆசிரியர்களுக்கு லக்கி, ஃபுளோ என்ற பெயர்கள் ஞாபகம் இருக்கும். இரண்டு கறுப்பு லாப்ரடோர் நாய்கள். 2007 மார்ச்சில் மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. வட்டு செய்யப் பயன்படும் பாலிகார்பனேட்டின் வாசனையைக் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்றவை. ஜொகூர் பாருவில் நடந்த சோதனையில் மட்டும் ஏறத்தாழ பத்து லட்சம் வட்டுகள் சிக்கின. கோபமடைந்த வட்டு வியாபாரிகள் நாய்களின் தலைக்கு விலை வைத்திருக்கிறார்கள் என்றும் அப்போது செய்தி வந்தது. படமாக எடுத்தால் ‘தமிழ்ராக்கர்ஸ்’ தொடரைவிட நன்றாக ஓடும்.

ஆனால் ஒரு விஷயம் இருக்கிறது. அசல் வட்டுக்கும் திருட்டு வட்டுக்கும் வாசனை ஒன்றுதான். நாயால் வட்டு இருக்கும் இடத்தைக் காட்ட முடியும். எது திருட்டு என்று பிரிக்க முடியாது. அதற்கு மனிதர் வேண்டும், பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். சில ஆண்டுகளில் பாசார் மாலாமில் வட்டுக் கடையே அருகிப்போனது. அலையலையாக இணையத்தில் வரும் படத்துக்கு வாசனையே கிடையாது. சட்டமும் பின்னாலேயே ஓடி வந்தது. 2022 மார்ச் 18 முதல் நடப்பிலிருக்கும் பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி, திருட்டு ஒளிவழிக்கு உதவும் கருவியையோ செயலியையோ செய்பவர், விற்பவர், வழங்குபவருக்குக் குறைந்தது 10,000 ரிங்கிட்டிலிருந்து 200,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நம் மாணவர் கட்டுரையில் ‘சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும்’ என்று எழுதும்போது அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். இதைவிட எவ்வளவு கடுமையாக்க வேண்டுமாம்? இருக்கிற சட்டம் என்ன என்று தெரியாமல் எழுதும் ‘வேண்டும்’ கருத்தாகாது.

இப்போது தொடரைத் தயாரித்த நிறுவனத்தின் பெயருக்குத் திரும்புகிறேன். இங்கேதான் தமிழாசிரியர்களுக்கு விஷயம் சுவைக்க ஆரம்பிக்கிறது.

பாரதி 1921-இல் மறைந்தார். அவருடைய பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1947-இல் வந்த அவருடைய ‘நாம் இருவர்’ படத்தில் பாரதி பாடல்கள் பெரும் வரவேற்புப் பெற்றன. அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதியின் பாடல் ஒன்று இடம்பெற்றது. அனுமதி இல்லாமல் பயன்படுத்திவிட்டார்கள் என்று ஏவிஎம் தரப்பு உரிமை கோரியது. இன்றைய சொல்லில் சொன்னால், டி.கே. சண்முகம் செய்தது திருட்டு. வாழ்நாள் முழுக்கத் தமிழ் நாடகத்துக்கு உழைத்த, பாரதியைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய அந்த மனிதரைத்தான் சொல்கிறேன்.

பாரதியின் பாட்டு தனி ஒருவரின் சொத்தாக இருக்கலாமா என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. எழுத்தாளர்கள் கிளர்ந்தார்கள். 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற்றுக்கொண்டது. மெய்யப்பச் செட்டியார் தம்மிடம் இருந்த உரிமையைப் பணம் வாங்காமல் கொடுத்துவிட்டார். நூல் உரிமையை வைத்திருந்த பாரதியின் தம்பி விசுவநாதனுக்கு 15,000 ரூபாய், மனைவி செல்லம்மாவுக்கும் இரண்டு மகள்களுக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. இந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி ஆராய்ந்து தனி நூலாகவே எழுதியிருக்கிறார். நம் தமிழ் இலக்கிய மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டிய நூல்.

இப்போது சொல்லுங்கள். அதே ஏவிஎம், எழுபது ஆண்டு கழித்து, உரிமை, திருட்டு என்பதைப் பற்றி எட்டுப் பகுதித் தொடர் எடுக்கிறது. சொந்தக் கிடங்கிலேயே இப்படி ஒரு கதை கிடக்கிறது. உரிமையாளர் வில்லனும் இல்லை, எடுத்துப் பாடியவர் திருடனும் இல்லை, மக்களுக்குப் பாட்டு வேண்டும், கவிஞரின் குடும்பத்துக்கும் சோறு வேண்டும் என்ற சிக்கல் முழுவதும் அதில் இருந்தது. அதிலிருந்து ஒரு துளியாவது தொடரின் வசனத்தில் விழுந்திருந்தால் அதன் தரமே வேறு. தொடர் உரிமை என்பதைக் கேள்வியாகப் பார்க்கவில்லை, பூட்டாகப் பார்க்கிறது. பூட்டை உடைத்தவனைத் தேடி ஓடுகிறது.

கசிவு நடந்த பிறகு யார் அடிபடுகிறார்கள் என்பதிலும் தொடரின் பார்வை குறுகல்தான். தயாரிப்பாளரும் நட்சத்திரமும் அடிபடுவதைப் பார்க்கிறோம். இதைச் சொல்லும்போது அந்தத் தொடரை வெளியிட்ட சோனிக் குழுமத்துக்கே நடந்த சம்பவத்தை மறக்க முடியவில்லை. 2014 நவம்பரில் அமெரிக்காவில் சோனி படநிறுவனத்தின் கணினிகளுக்குள் ஊடுருவல் நடந்தது. வெளிவராத ‘ஆனி’ உட்படச் சில படங்கள் இணையத்தில் கொட்டப்பட்டன. செய்தி முழுக்க படத்தைப் பற்றியும் நட்சத்திரங்களின் மின்னஞ்சல் வம்பைப் பற்றியும்தான். அதே குவியலுக்குள் ஏறத்தாழ 47,000 பேரின் அடையாள எண்கள் கிடந்தன. கணக்கர், தட்டச்சர், எப்போதோ வேலை செய்து விலகியவர் என எல்லாரும் அதில் இருந்தார்கள். படம் கசிந்தால் ஒரு பருவத்து வசூல் போகும். அடையாள எண்ணை மாற்றிக்கொள்ள முடியுமா? பிறகு ஊழியர்களே நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்தார்கள்.

அமெரிக்கா எதற்கு, அதே 2014-இல் நம் வீட்டிலேயே நடந்ததே. செப்டம்பரில் யுபிஎஸ்ஆர் தேர்வின் அறிவியல், ஆங்கிலத் தாள்கள் கசிந்தன. புலனத்தில் சுற்றின. நாடு முழுக்க ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் செப்டம்பர் 30-இல் அவற்றை மறுபடியும் எழுத வேண்டி வந்தது. அது போதாதென்று கணிதமும் தமிழ்மொழியும் சேர்ந்துகொண்டு, அக்டோபர் 9-இல் இன்னொரு முறை உட்கார வேண்டி வந்தது. தேர்வு முடிந்தது என்று பையைத் தூக்கி எறிந்த பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்த ஆசிரியர்கள் இதைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். கசியவிட்டவர் யாரோ. அனுப்பியவர், வாங்கியவர், ‘சும்மா பார்த்தேன்’ என்றவர் யார் யாரோ. விலை கொடுத்தது பன்னிரண்டு வயதுப் பிள்ளைங்க.

திருட்டுப்படத்துக்கும் தேர்வுத்தாளுக்கும் முடிச்சுப் போடுகிறேனே என்று சிலர் நினைக்கலாம். இரண்டிலும் அனுப்பும் விரல் ஒன்றுதான். ‘எப்படியும் எல்லாரிடமும் இருக்கிறது, நான் ஒருத்தன் அனுப்பாவிட்டால் என்ன ஆகிவிடும்’ என்ற அந்த வாக்கியம்தான் இரண்டையும் நகர்த்துகிறது. ‘தமிழ்ராக்கர்ஸ்’ தொடரில் எனக்குக் கேட்க ஆசையாக இருந்து, மையத்துக்கு வராமலே போன வசனம் அது.

சரி, படத்தை எப்படிப் பார்த்தால் என்ன, திறனாய்வு எழுதத் தெரிந்தால் போதாதா என்று மாணவர் கேட்கலாம். போதாது. தமிழாசிரியர்களுக்குப் பாடபேதம் என்ற சொல் புதிதில்லை. உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து ஏடுகளை ஒப்பிட்டது எதற்காக? ஒரு சொல் மாறினால் பொருள் மாறிவிடும் என்பதற்காகத்தானே. படத்துக்கும் அது பொருந்தும். ‘கபாலி’யை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் படமாக்கப்பட்டு, நம் தோட்டத் தொழிலாளர் வரலாற்றைத் தொட்ட படம். 2016 ஜூலை 22-இல் வெளியானது. வெளியீட்டுக்கு முன்பே தயாரிப்பாளர் தாணு சென்னை உயர் நீதிமன்றம் போய்த் திருட்டுத் தளங்களை முடக்கச் சொல்லி உத்தரவு வாங்கினார். அப்படியும் கசிந்தது. ஆனால் அதைவிட நமக்கு முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. மலேசிய அரங்குகளில் ஓடிய பிரதியின் முடிவில், டைகர் என்ற இளைஞன் காவல்துறையிடம் சரணடைந்தான் என்று ஒரு வாசகம் சேர்க்கப்பட்டிருந்தது. மற்ற நாட்டுப் பிரதியில் அந்த வாசகம் இல்லை. திரை இருண்டு துப்பாக்கிச் சத்தத்தோடு நிற்கும். கபாலி சுடப்பட்டாரா இல்லையா என்ற கேள்வியோடு ஒரு பார்வையாளர் வெளியே போகிறார். இன்னொருவர் சட்டம் வென்றது என்ற நிம்மதியோடு போகிறார். இவர்கள் இரண்டு பேரும் ஒரே படத்துக்கா திறனாய்வு எழுதுகிறார்கள்?

ஆகவே ஊடகத் திறனாய்வு எழுதும் மாணவர் முதல் பத்தியிலேயே எந்தப் பிரதியை, எங்கே பார்த்தேன் என்று குறிப்பிட வேண்டும் என்பது என் கருத்து. அரங்கில் கைநடுங்கப் பதிவு செய்த பிரதியில் சட்டகத்தின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். வண்ணம் வெளுத்திருக்கும். பாட்டைத் தாண்டிவிட்டிருப்பார்கள். பின்னணி இசையோடு யாரோ இருமுவதும் கேட்கும். அதைப் பார்த்துவிட்டு ‘ஒளிப்பதிவு சிறப்பாக இல்லை’ என்று எழுதினால் அந்தக் குறை ஒளிப்பதிவாளருடையதா? இது ஒழுக்கப் பாடமில்லை, திறனாய்வின் அடிப்படை.

நேர்மையாக இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தோட்டத்துத் தமிழர்கள் பிரதியை நாடியது பேராசையால் அல்ல. ரப்பர்த் தோட்டங்கள் கைமாறி, ஆட்கள் புறநகர்களுக்கு நகர்ந்த காலத்தில், வாடகைக்கு எடுத்த ஒளிநாடாதான் பல குடும்பங்களுக்குச் சினிமா. 1996-இல் அஸ்ட்ரோ வந்து வானவில் ஒளியலை தொடங்கும் வரை தொலைக்காட்சியில் வாரத்துக்கு ஒரு படம் கிடைத்தாலே பெரிது. கதவு இல்லாத இடத்தில் சன்னல் வழியாக நுழைந்தார்கள். இன்றும் ஒரு தளத்தில் உள்ள தமிழ்ப்படம் ஒரு நாட்டில் திறக்கும், பக்கத்து நாட்டில் திறக்காது. இந்தப் பழைய வரலாற்றைத் தெரிந்து எழுதும் மாணவரின் வாதக் கட்டுரைக்கு எதிர்வாதப் பத்தி தானாகவே கிடைத்துவிடும். மறுத்து எழுதவும் பொருள் இருக்கும்: இப்போது கதவு இருக்கிற படங்களுக்கும் நாம் ஏன் சன்னலைத்தான் தேடுகிறோம்?

கதவு வேண்டி நிற்பது நம் சொந்தப் படைப்புகள். சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015 டிசம்பரில் வந்தது. தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பத்துச் சிறுவன் ஒருவனின் கதை; 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமானது. அப்படி ஒரு படத்தைக் காப்பாற்ற காவல் அதிகாரி யாரும் ஓடி வரமாட்டார், நீதிமன்றம் தளங்களை முடக்கித் தராது. நட்சத்திரப் படத்துக்குப் பத்தாயிரம் பார்வையாளர் குறைந்தால் அது புள்ளிவிவரம். உள்ளூர்ப் படத்துக்குப் பத்தாயிரம் பேர் குறைந்தால் அந்த இயக்குநருக்கு அடுத்த படம் இல்லை. உள்ளூர் நாவலாசிரியருக்கு இதைவிட மோசம். சில நூறு படிகள் அச்சடித்து, நண்பர்களிடமும் பள்ளிகளிடமும் விற்று முதலை எடுப்பவர் அவர். அந்தப் புத்தகத்தை ஒரே ஒரு பள்ளி வாங்கி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, மாவட்டம் முழுக்கப் புலனத்தில் அனுப்பினால், ‘தமிழுக்குச் சேவை’ என்று பெயர் வைத்தாலும் கணக்கு ஒன்றுதான்.

நம்முடைய பயிற்றிகளும் இப்படித்தான் போகின்றன. ஓர் ஆசிரியை இரவெல்லாம் உட்கார்ந்து தயாரித்த எஸ்பிஎம் பயிற்றி, அடியில் இருந்த பெயர் வெட்டப்பட்டு, இயங்கலையில் விலைக்கு வருகிறது. இதைப் பலர் பார்த்திருப்பீர்கள். உடனே நாம் செய்வது குழுவில் கோபமாக ஒரு குரல்பதிவு போடுவது. அதனால் போட்டவர் பதிவை அழித்துவிடுவார், சான்றும் போய்விடும். முதலில் திரையைப் படம் பிடியுங்கள். முகவரியும் தேதியும் தெரிய வேண்டும். உங்கள் மூலக்கோப்பையும் அது உருவான தேதியோடு பத்திரப்படுத்துங்கள். பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயம் இல்லை, எழுதி முடித்த அன்றே அது உங்களுக்கு வந்துவிட்டது. தேவையானால் மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் விருப்பத்தின் பேரில் அறிவிக்கவும் செய்யலாம். பதிப்புரிமைச் சட்டம் 1987-இன்படி இணையச் சேவை வழங்குநருக்கு முறையாக எழுத்தில் அறிவித்தால், 48 மணி நேரத்துக்குள் அவர் அந்தக் கோப்பை அகற்ற வேண்டும். பொய்யாக அறிவிப்பது குற்றம்; ஆகவே சக ஆசிரியர் மேல் உள்ள கடுப்பைத் தீர்த்துக்கொள்ள இதைப் பயன்படுத்தாதீர்கள்.

எதுவுமே பகிரக் கூடாது என்று பயந்து உட்காரவும் தேவையில்லை. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொந்தப் படிப்பு, ஆய்வு, திறனாய்வு போன்றவற்றுக்கு நேர்மையான பயன்பாட்டை அனுமதிக்கிறது. எவ்வளவு எடுக்கிறோம், எதற்காக எடுக்கிறோம், மூலநூலின் விற்பனையை அது கெடுக்கிறதா என்பவை பார்க்கப்படும். நாவலிலிருந்து ஒரு பத்தியை எடுத்து, ஆசிரியர் பெயரோடு, கேள்வி அமைப்பது ஒன்று. நாவலையே அனுப்புவது இன்னொன்று. படத்துக்கும் அப்படித்தான்: இரண்டு நிமிடக் காட்சியை வகுப்பில் நிறுத்தி நிறுத்தி விவாதிக்கலாம், முழுப் படத்தின் திருட்டு இணைப்பை வகுப்புக் குழுவில் போடக் கூடாது.

காலமும் உதவுகிறது. மலேசியாவில் நூலுக்கான பதிப்புரிமை எழுதியவரின் ஆயுளுக்குப் பிறகு 50 ஆண்டு, இந்தியாவில் 60. புதுமைப்பித்தனும் கல்கியும் இங்கே எப்போதோ பொதுவுடைமை. மு. வரதராசன் 1974 அக்டோபரில் மறைந்தார். ஆகவே 2025 ஜனவரி 1 முதல் அவருடைய எழுத்துகளும் இந்த நாட்டில் பொதுவுக்கு வந்துவிட்டன. தட்டச்சு செய்து மாணவருக்குத் தாராளமாகக் கொடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை, அண்மையில் வந்த பதிப்பின் பக்கங்களை அப்படியே படம் பிடித்து அனுப்பாதீர்கள். எழுத்து பொதுவாகியிருந்தாலும் அந்தப் பக்க அமைப்பில் பதிப்பகத்துக்குத் தனி உரிமை உண்டு. அகிலன் 1988 ஜனவரியில் மறைந்தவர். அவருடைய ‘பால்மரக் காட்டினிலே’ நம் தோட்டங்களின் கதைதான், ஆனாலும் 2038 முடியும் வரை அது இங்கே பொதுவுடைமை ஆகாது. அதுவரை பள்ளி வளமையத்துக்கு நாலு படி வாங்கச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.